கெடாத யந்திரங்களுக்குக் கெடு

2025-ம் வருஷம் அக்டோபர் மாதம் 14-ந் தேதி, உலகெங்கும் கோடிக்கணக்கான மேஜைகளின் மேல் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களுக்கு ஒரே நாளில் வயோதிகம் விதிக்கப்பட்டது. அவற்றின் திரை மங்கிவிடவில்லை. எழுத்துப் பலகை தேய்ந்துவிடவில்லை. முதல் நாள் செய்த வேலையை மறுநாளும் அவை செய்யத்தான் செய்தன. ஆயினும், அவற்றில் ஓடிய விண்டோஸ் 10 என்னும் ஆதார மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை இலவசமாக அனுப்புவது அன்றோடு முடிந்தது. 2015 ஜூலையில் அந்த மென்பொருளை வெளியிட்ட மைக்ரோஸாப்ட் கம்பெனி இத்தவணையை வெகு நாள் முன்னதாகவே அறிவித்திருந்தது. ஆகையால் எவரையும் ஏமாற்றிவிட்டதாக அக்கம்பெனி மீது நாம் குற்றஞ் சாட்டவில்லை. நாம் கேட்பது வேறு. கெடாத பொருளுக்குக் கெடு வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்? அந்த அதிகாரத்தைச் செலுத்துவதனால் விளையும் நஷ்டத்தை யார் சுமக்க வேண்டும்?

திருத்தம் வராவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் நினைக்கலாம். மென்பொருள் என்பது லட்சக்கணக்கான கட்டளைகளின் தொகுதி. அதில் ஓட்டைகள் இருந்தே தீரும். அவை நாள்தோறும் கண்டுபிடிக்கப்படுகின்றன. கண்டுபிடிப்பவர்களில் நல்லவர்களும் உண்டு, கள்வர்களும் உண்டு. கம்பெனி ஓட்டையை அடைத்து அனுப்பும் வரையில் யந்திரம் பத்திரம். அடைப்பது நின்றால், கதவில்லாத வீடு போலத்தான். 2017 மே மாதத்தில் பரவிய வான்னாக்ரை என்னும் தொற்றை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்னரே வெளிவந்திருந்தும், அதைச் சேர்த்துக்கொள்ளாத யந்திரங்களில் புகுந்து, பிரிட்டிஷ் பொது ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலைமையை அது உண்டாக்கிவிட்டது. ஆகவே, திருத்தம் நின்ற யந்திரத்தில் கணக்கு வழக்கையும் பாங்கி விவகாரத்தையும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனமாகாது.

அப்படியானால் அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாமே எனின், இங்குதான் முடிச்சு இருக்கிறது. 2021 அக்டோபரில் வெளியான அப்பதிப்பு எல்லா யந்திரங்களையும் ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. கம்பெனி வகுத்த ஜாபிதாவில் உள்ள செயலி இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இன்டெல் செயலிகளில், சொற்ப விலக்குகள் நீங்கலாக, 2017-ன் பிற்பகுதியில் வந்த எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை அந்த ஜாபிதாவில் இல்லை. 2017-ன் முற்பாதியில் நல்ல விலை கொடுத்து, அன்றைய உயர்ந்த செயலியுடன் வாங்கிய கம்ப்யூட்டருக்கு வாசல் அடைபட்டது. அதே வருஷக் கடைசியில் மலிவாக வாங்கியதற்கு வாசல் திறந்தது. சக்தியின்மையே காரணம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால், ஜாபிதாவுக்குப் புறம்பான யந்திரங்களில் புதிய பதிப்பை ஏற்றும் வழியொன்றை அக்கம்பெனியே 2021-ல், எச்சரிக்கையோடு, பிரசுரித்தது. அப்படி ஏற்றியவர்களும் பலர். யந்திரத்தால் முடியாது என்ற வாதம் அந்தப் பிரசுரத்தினாலேயே பெரிதும் தளர்ந்துவிட்டது.

இவ்வாறு விலக்கப்படும் யந்திரங்கள் எத்தனை? கானலிஸ் என்னும் சந்தை ஆராய்ச்சி ஸ்தாபனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டில், 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பையாகக்கூடும் என்று கூறியது. இது மதிப்பீடே, 24 கோடியும் மறுநாளே குப்பைமேட்டுக்குப் போய்விடவில்லை. அநேகர் பழையபடியே வைத்து ஓட்டுவார்கள். ஆனால் திருத்தம் பெறாத யந்திரத்துக்கு இரண்டாங்கைச் சந்தையில் விலை வீழும். பெரிய கம்பெனிகள் கழித்துக் கட்டும் யந்திரங்களை வாங்கித் துடைத்துச் சீர்செய்து, சிறு கடைகளுக்கும் மாணவர்களுக்கும் விற்றுப் பிழைக்கும் வியாபாரம் நம் நாட்டில் நகரந்தோறும் உண்டு. அந்தச் சங்கிலி அறுந்தால், அவை போகும் இடம் உடைப்பவனுடைய கொட்டகைதான்.

அந்தக் கொட்டகையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனங்கள் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ம் வருஷத்தில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறைப்படி சேகரித்துப் பிரித்ததாகக் கணக்கில் ஏறியது 22.3 சதவீதம் மட்டுமே. மீதி என்னவாயிற்று என்பதை அறிய டில்லியின் சீலம்பூரையும், ஐக்கிய மாகாணம் என்று முன்பு வழங்கிய பிரதேசத்து மொரதாபாத்தையும் பார்த்தால் போதும். தாமிரத்துக்காகக் கம்பிகளை எரிப்பதும், பொன் துணுக்குகளுக்காகப் பலகைகளைத் திராவகத்தில் ஊறவைப்பதும் அங்கே குடிசைத் தொழிலாக நடந்துவந்திருக்கின்றன. ஈயமும் நச்சுப் புகையும் அங்கே வேலை செய்பவர்களின் நுரையீரலிலும் ரத்தத்திலும் போய்ச் சேருகின்றன. அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்தில் தலைமைக் காரியாலயம் வைத்திருக்கும் கம்பெனியின் ஒரு ஜாபிதாவுக்கும் இந்தக் கூலியாட்களின் மூச்சுக்கும் சம்பந்தமில்லை என்று யாரேனும் வாதாடுவாராயின், அவர் நடுவிலுள்ள கண்ணிகளில் எதை மறுக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

குப்பையைக் காட்டிலும் கவனிக்க வேண்டியது உற்பத்தி. மின்சாரத்தைக் குறைவாகத் தின்னும் புதிய யந்திரத்தை வாங்கிப் பழையதை எறிந்துவிடுவதே பூமிக்கு நல்லது என்பது கேட்கச் சுவையான வாதம். விற்பனையாளர்கள் அதை மிகவும் விரும்புவார்கள். பழைய மின் விளக்கு விஷயத்தில் அது உண்மை. குளிர்பெட்டியிலும் ஓரளவு உண்மை. மடிக் கம்ப்யூட்டர் விஷயத்தில் அது பொய். உலோகங்களைத் தோண்டி எடுப்பது, சில்லுகளை மகா சுத்தமான நீராலும் ஏராளமான மின்சாரத்தாலும் வார்ப்பது, கண்டம் விட்டுக் கண்டம் ஏற்றி அனுப்புவது ஆகியவற்றில் வெளியாகும் கரியமிலவாயு, வாங்கியவன் அதைப் பல வருஷம் ஓட்டுவதில் வெளியாவதைவிட அதிகம். உற்பத்தியாளர்கள் தாங்களே வெளியிடும் கணக்குகள் இதைத்தான் காட்டுகின்றன. அதாவது, பெட்டியைத் திறக்கும்போதே பாவத்தின் பெரும் பங்கு நடந்து முடிந்துவிட்டது. அதைக் குறைக்க நமக்கு மிஞ்சியிருக்கும் வழி, வாங்கியதை நெடுநாள் உழைக்க வைப்பதே.

மென்பொருள் வகுப்போர் இதை அறியாதவர்கள் அல்லர். 2021-ல் தொடங்கிய பசுமை மென்பொருள் ஸ்தாபனம் என்னும் சங்கம், மென்பொருளின் கரி அளவைக் கணக்கிட ஒரு சூத்திரம் வகுத்தது. 2024-ல் அது சர்வதேசத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. சூத்திரம் எளியது. மென்பொருள் தின்னும் மின்சாரத்தை, அந்த மின்சாரம் எவ்வளவு கரியைக் கக்கி உற்பத்தியாயிற்று என்பதால் பெருக்கு. யந்திரத்தை உற்பத்தி செய்ததில் வெளியான கரியில் இம்மென்பொருளுக்குச் சேரும் பங்கைக் கூட்டு. வந்த தொகையைச் செய்த வேலையின் அளவால் வகு. இதில் இரண்டாவதாகக் கூட்டும் தொகைதான் நம் வழக்கின் உயிர்நிலை. அச்சங்கத்தைத் தொடங்கியவர்களில் மைக்ரோஸாப்டும் ஒன்று! 2030-க்குள் தான் வெளியிடுவதைவிட அதிகமான கரியை வளிமண்டலத்திலிருந்து அகற்றுவதாக 2020 ஜனவரியில் பிரதிக்ஞை செய்ததும் அக்கம்பெனிதான். 2024-ல் அது வெளியிட்ட அறிக்கையோ, 2020-ஐக் காட்டிலும் தன் மொத்தக் கரி வெளியீடு சுமார் 29 சதவீதம் ஏறியிருப்பதாக ஒப்புக்கொண்டது. புதிய தகவல் கிடங்குகளின் இரும்பும், காங்கிரீட்டும், சில்லுகளுமே அதற்கு முக்கிய காரணம்.

தகவல் கிடங்குகளைப் பற்றி இன்று பத்திரிகைகள் எல்லாம் எழுதுகின்றன. 2024-ல் அவை உலக மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதத்தைக் குடித்தன என்று சர்வதேச சக்தி ஸ்தாபனம் கணித்தது; அயர்லாந்தில் 2023-ல் நாட்டு மின்சாரத்தில் 21 சதவீதம் அவற்றுக்கே போயிற்று. அது தனித் தலையங்கத்துக்கு உரிய விஷயம். ஆனால் அந்தப் பெரிய கூச்சலில், மேஜை மேலிருக்கும் யந்திரத்துக்கு மென்பொருள் இழைக்கும் அநீதி ஒருவர் காதிலும் விழாமற் போகிறதே என்பதுதான் நம் கவலை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம். கம்பெனி சொல்வது: பத்து வருஷம் தாங்கினோம், கைப் போன்களில் பலவற்றுக்கு அதில் பாதி காலமும் ஆதரவு கிடைப்பதில்லை. பாதுகாப்புச் சில்லு இல்லாத யந்திரங்களை என்றென்றும் காப்பது கடினம்; பழைய செயலிகளில் சில ஆழ்ந்த குறைகள் உண்டு; இரண்டு பதிப்புகளை ஏககாலத்தில் பராமரிக்க ஆட்களும் பணமும் வேண்டும். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. 2018-ல் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் செயலிக் குறைகள் கற்பனை அல்ல.

ஆயினும் பத்து வருஷக் கணக்கு மென்பொருள் பிறந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. யந்திரம் விற்ற நாளிலிருந்து அல்ல. 2023 ஜனவரி வரையில் கம்பெனி தன் கடையில் விண்டோஸ் 10-ஐ விற்றுவந்தது. அம்மாதம் வாங்கி ஒரு பழைய யந்திரத்தில் ஏற்றியவனுக்குக் கிடைத்தது மூன்று வருஷத்துக்கும் குறைவு. அன்றியும், திருத்தங்கள் தயாரிப்பது உண்மையில் நின்றுவிடவும் இல்லை. பணம் கொடுப்பவர்களுக்கு அவை தொடர்ந்து கிடைக்கும் என்று கம்பெனி அறிவித்தது. வியாபார ஸ்தாபனங்களுக்கு யந்திரம் ஒன்றுக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்த வருஷம் அதற்கு இருமடங்கு, மூன்றாம் வருஷம் மேலும் இருமடங்கு. பள்ளிக்கூடங்களுக்கு முதல் வருஷம் ஒரே டாலர். தனி மனிதருக்கு 2026 அக்டோபர் வரை 30 டாலர். தம் அமைப்புகளைக் கம்பெனியின் கிடங்கில் ஒப்படைத்து வைப்போருக்கு அதுவும் இல்லை. ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்து வாசிகளுக்கோ, அங்குள்ள நுகர்வோர் சங்கங்கள் ஆட்சேபித்ததும், 2025 செப்டம்பரில் கட்டணமும் அந்த நிபந்தனையும் கழற்றப்பட்டன. ஒரே திருத்தம், ஒரே யந்திரம். லண்டனில் ஒரு விலை, பாரிஸில் மற்றொரு விலை, பள்ளியில் ஒன்று, காரியாலயத்தில் அறுபத்தொன்று. இது யந்திர சாஸ்திரத்தின் எல்லை அன்று, பேரத்தின் எல்லை. அழுத்தமாகக் கேட்டவர்களுக்குக் கிடைத்தது. நம் நாட்டில் கேட்பாரில்லை.

நாம் வக்கீல் தொழிலில் பழகியவர்களாதலால் இதை ஒரு சொத்து வழக்காகவே பார்க்கிறோம். யந்திரத்தைக் கிரயம் செய்தீர், அது உமது. ஆனால் அதை இயக்கும் மென்பொருளைக் கம்பெனி விற்கவில்லை. உபயோகிக்க அநுமதி மட்டுமே அளித்தது. வீடு உமது பட்டாவில் இருக்கிறது. வாசலுக்குப் போகும் பாதை அடுத்தவன் நிலத்தில் இருக்கிறது. வழிப்பாத்தியம் இல்லாத வீட்டை வாங்கியவன் கதியை முன்சீப் கோர்ட்டுப் படியேறிய எவரும் அறிவர். நிலத்தின் விஷயத்தில், வேறு வழியே இல்லாதவனுக்கு அவசியப் பாத்தியத்தைச் சட்டம் வழங்குகிறது. கம்ப்யூட்டர் விஷயத்தில் அத்தகைய பாத்தியம் இன்னும் பிறக்கவில்லை.

வேறு இடங்களில் பிறக்கத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2023-ல் இயற்றி 2025 ஜூன் 20 முதல் அமலுக்குக் கொண்டுவந்த விதியின்படி, கைப் போன், பலகைக் கம்ப்யூட்டர் இவற்றின் ஒரு மாதிரியைச் சந்தைக்கு அனுப்புவது நின்ற பின்னும், குறைந்தது ஐந்து வருஷம் அதன் ஆதார மென்பொருள் திருத்தங்களைக் கொடுத்தாக வேண்டும். எண்ணும் நாள் மாறியிருப்பதைக் கவனிக்க: மென்பொருள் பிறந்த நாள் அன்று, கடைசியாக விற்பனைக்கு அனுப்பிய நாள். மேஜைக் கம்ப்யூட்டருக்கும் மடிக் கம்ப்யூட்டருக்கும் இவ்விதி நீளவில்லை என்பது அதன் குறை. பிரான்ஸில், திருத்தம் ஏற்றினால் பழைய ஐபோன் மந்தமாகக்கூடும் என்பதை வாங்கியவர்களுக்குச் சொல்லாமல் விட்டதற்காக, 2020-ல் ஆப்பிள் கம்பெனி இரண்டரைக் கோடி யூரோ அபராதம் கட்டியது. ஜெர்மனியில் 1978 முதல் வழங்கிவரும் நீலத் தேவதை முத்திரை, 2020 முதல் மென்பொருளுக்கும் விஸ்தரிக்கப்பட்டது. ஐந்து வருஷப் பழைய யந்திரத்திலும் ஓட வேண்டும். மின்சாரச் செலவை அளந்து காட்ட வேண்டும். உபயோகிப்பவன் வேண்டாததை நீக்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும். இவை அதன் நிபந்தனைகளுட் சில. 2022-ல் அதை முதன்முதல் பெற்றது, பெரிய கம்பெனியின் சரக்கு அன்று, கே.டி.இ. என்ற தன்னிச்சைத் தொண்டர் கூட்டம் ஆக்கிய ஆகுலார் என்னும் பத்திர வாசிப்பான்.

இந்தியாவின் நிலை என்ன? 2022-ல் இயற்றப்பட்டு 2023 ஏப்ரல் முதல் அமலான மின்னணுக் கழிவு விதிகள், கழிவைத் திரும்பச் சேகரித்து அழிக்கும் பொறுப்பைச் சாதனம் உற்பத்தி செய்பவன் தலையில் வைக்கின்றன. நல்லதே. ஆனால் அச்சாதனத்தைக் கழிவாக்கும் தீர்ப்பை எழுதிய மென்பொருள் கம்பெனியைப் பற்றி அவ்விதிகள் மௌனம் சாதிக்கின்றன. பிணத்தைச் சுமக்க ஆள் நியமித்தாயிற்று. மரணத்துக்குக் காரணம் விசாரிக்க ஆளில்லை.

மென்பொருள் ஆக்குவோரிடமும் ஒரு வார்த்தை. பாஸ்கல் மொழியை வகுத்த சுவிட்ஸர்லாந்துப் பேராசிரியர் நிக்லாஸ் விர்த், 1995-லேயே ஒல்லியான மென்பொருளுக்காக ஒரு விண்ணப்பம் எழுதினார். யந்திரம் வேகமாவதைவிட மென்பொருள் வேகமாக மந்தமாகிறது என்பது அவர் எடுத்துரைத்த குறை. இருபத்தைந்து வருஷம் முன்னர் எட்டாயிரம் பைட்டில் அடங்கிய எழுத்துத் திருத்தி தம் காலத்தில் நூறு மடங்கு கேட்கிறதே என்று அவர் வருந்தினார். அவர் 2024 ஜனவரியில் காலமானார். இன்றைய எழுத்துத் திருத்திகள் கேட்கும் இடத்தைப் பார்த்தால், அந்த நூறு மடங்கு சிக்கனமாகவே தோன்றும். காரணம் சோம்பல் மாத்திரம் அன்று. எழுதுகிறவன் மேஜையில் எப்போதும் புத்தம் புதிய யந்திரமே இருக்கிறது; தன் சரக்கின் பாரத்தை அவன் தோள் உணர்வதில்லை. எட்டு வருஷப் பழைய யந்திரமொன்றில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் வெளியிடக் கூடாது என்று ஒவ்வொரு கம்பெனியும் விதி செய்தால், பசுமை மாநாடுகள் பத்து சாதிக்காததை அது சாதிக்கும்.

இலவசமான லினக்ஸுக்கு மாறிவிடலாமே என்று நம் நண்பர்கள் சொல்வார்கள். 2025-ல் பல தொண்டர் சங்கங்கள் கூடி இதற்கென ஓர் இயக்கமே நடத்தின. சொல்வது எளிது. வியாபாரிகள் கணக்கெழுதும் டாலி விண்டோஸுக்காகவே ஆக்கப்பட்டது. தமிழ் அச்சுக்கூடங்கள் பலவற்றில், 2004-ல் வளர்ச்சி நிறுத்தப்பட்ட பேஜ்மேக்கரும் பழைய குறியீட்டு எழுத்துருக்களும் நெடுங்காலம் கோலோச்சின. அவற்றில் அடித்துச் சேர்த்த பக்கங்களை ஒரே இரவில் யூனிகோடுக்கு மாற்றச் சொல்வது, நூலகத்தை மறுபடி அச்சுக்கோக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். ஆனால் முடியாத காரியமும் அன்று. கேரளத்தில் 2001-ல் தொடங்கிய பள்ளிக் கம்ப்யூட்டர்த் திட்டம் படிப்படியாகச் சுதந்திர மென்பொருளுக்கு மாறி, ஆசிரியர்களையும் பழக்கி, வெற்றி கண்டிருக்கிறது. அங்கே யந்திரம் கழிக்கப்படும் நாளைப் பள்ளிக்கூடம் தீர்மானிக்கிறது.

நம் மாகாணத்தின் கணக்கையும் பார்ப்போம். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக் கம்ப்யூட்டர்த் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் அதிகமான யந்திரங்கள் மாணவர் கைக்குப் போயின. அவற்றுள் 2017-ன் நடுவுக்கு முன் கொடுத்தவை ஒன்றுகூடப் புதிய ஜாபிதாவில் சேராது. பொதுப் பணத்தில் வாங்கியவை அவை. அநேக வீடுகளில் இன்றும் ஓடுகின்றன. 2025-26-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷங்களில் புதியவை வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. லட்சக்கணக்கில் வாங்குபவனுக்கு நிபந்தனை விதிக்கும் சக்தி உண்டு. ஐரோப்பாவின் நுகர்வோர் சங்கங்கள் வெறும் கடிதத்தால் பெற்றதை, ஒரு சர்க்கார் டெண்டரால் பெற முடியாதா?

ஆகையால் சட்டசபை அங்கத்தினர்களும், தொண்டர்களும் சர்க்காரிடம் வற்புறுத்த வேண்டியது இது. இனி எந்தக் காரியாலயத்துக்கும் பள்ளிக்கும் கம்ப்யூட்டர் வாங்கும் டெண்டரில், ஆதார மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் ஒப்படைத்த தேதியிலிருந்து இத்தனை வருஷம் கட்டணமின்றிக் கிடைக்கும் என்று எழுதி வாங்கப்பட வேண்டும். பத்து என்பது நம் அபிப்பிராயம். அது முடிந்தபின் வேறு மென்பொருள் ஏற்றிக்கொள்வதற்கு யந்திரத்தில் எந்தப் பூட்டும் இருக்கலாகாது என்ற ஷரத்தும் சேர்க்கப்பட வேண்டும். ஏற்கனவே தாலுகா ஆபீஸ்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் இருக்கும் விண்டோஸ் 10 யந்திரங்களை ஏலம் போடுமுன், எவை மாற்று மென்பொருளில் ஓடும் என்று சோதித்து எழுத்துமூலம் அறிக்கை பெறாமல் கழிவுச் சான்று கொடுக்கக் கூடாது. அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் முதற் கேள்வியாக, சர்க்கார் வசம் இத்தகைய யந்திரங்கள் எத்தனை உள்ளன என்பதை இலாகாவாரியாகக் கேட்கலாம்.